அன்று துளசி என் கையில் இல்லை

நம் பழைய தெருவுக்கு நினைவு மலர் கொண்டுவரும் குழுவினருக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் போட்டால் நீளம் என்று தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள், கூட்டத்தில் பேசலாம் என்றால் பாதியில் கோப்பியும் கறிபாப்பும் வந்துவிடும், அதனால் எல்லாரும் பார்க்கும்படி மடலாகவே எழுதிவிடுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் நீங்கள் யாரும் எனக்கு அந்நியர் இல்லை, சிங்கப்பூர் ஓவன் ரோட்டில் ஐஸ் வண்டி மணி கேட்டால் ஒன்றாக ஓடியவர்கள்தான், அந்த உரிமையில் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.

டெய்லர் மாமாவின் கட்டுரையை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

அவருக்கு 81 வயது. நான்கு பக்கம் கையால் எழுதி, பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தட்டச்சு செய்து அனுப்பினார். நியூ வேர்ல்டு ஹோட்டல் இடிந்ததைப் பற்றிய பகுதியில், "எம்ஆர்டியை நிறுத்திவிட்டு அந்த ஆட்கள் ஓடி வந்தார்கள்" என்று ஒரு வரி. உடனே உங்களில் ஒருவர் சிவப்பில் கோடு போட்டு, விபத்து நடந்தது 1986 மார்ச், எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பித்தது 1987 நவம்பர், ஆகவே தகவல் பிழை என்று குறித்திருக்கிறார். அதுவரைக்கும் சரி. அதன் கீழே "ஐயாவுக்கு நினைவு சரியில்லை போலும், தவிர்க்கலாம்" என்று எழுதி, அந்தத் தாளையே அவருக்கு அனுப்பியும் வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மனுஷன் எனக்குப் போன் போட்டு, "ஏம்மா, நீ தாதியா இருந்தவ, உண்மையச் சொல்லு, எனக்கு அந்த மறதி நோய் வந்துருச்சா?" என்று கேட்கிறார். நம் பாதிப் பேருக்குத் தீபாவளிச் சட்டை தைத்துக் கொடுத்தவர்.

அதே வாரம் எனக்கு உங்கள் கேள்வித்தாள் வந்தது. மூன்றாம் கேள்வி: "கட்டடம் இடிந்தபோது எழுந்த பயங்கர வெடிச்சத்தத்தை நீங்கள் எங்கிருந்து கேட்டீர்கள்?" அப்புறம் கடைசியில் ஒரு குறிப்பு, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடிப் பேசி, முரண்பாடுகளைக் களைந்து, ஒத்துக்கொண்ட ஒரே வடிவத்தை மலரில் போடுவோம் என்று. இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் என்பீர்கள்.

1986 மார்ச் 15, சனிக்கிழமை, காலை மணி 11.25 இருக்கும். நானும் அம்மாவும் பெருமாள் கோயிலில் சேவித்துவிட்டு வெளியே வருகிறோம். என் கையில் வாழையிலையில் சுருட்டிய துளசி, இன்னும் ஈரமாக இருக்கிறது. சிராங்கூன் ரோட்டில் வழக்கமான சனிக்கிழமைக் கூட்டம். திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து தூசி கிளம்புகிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள், அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறார், வளையல் கையில் அழுந்துகிறது. இதை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், வார்டில் இரவு டூட்டியில் கூட இருந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், உங்களில் சிலருக்கும் சொல்லியிருக்கிறேன். இப்போது கண்ணை மூடினாலும் அந்தத் துளசி மணக்கிறது.

நான் அங்கே இல்லவே இல்லை.

ஆறேழு வருடத்துக்கு முன்பு, மன்னார்குடியில் அக்கா வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது நான் எழுதிய பழைய ஏரோகிராம்கள் ஒரு கட்டு கிடைத்தன. அக்கா மகள் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போனில் அனுப்பினாள். அதில் ஒன்று 1986 மார்ச் 20 தேதியிட்டது. என் கையெழுத்து, சந்தேகமே இல்லை, அப்போதெல்லாம் 'ழ'வுக்கு வாலை நீட்டி எழுதுவேன். அதில் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? சனிக்கிழமை எனக்குக் காலை டூட்டி, பன்னிரண்டு மணி வாக்கில் கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி வந்து சிராங்கூன் ரோட்டில் ஒரு ஹோட்டலே விழுந்துவிட்டதாம் என்றாள், நான் நம்பவில்லை, அப்புறம்தான் அம்மா சனிக்கிழமை கோயிலுக்குப் போவாரே என்று நினைவு வந்து கைகால் ஓடவில்லை, சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா தனியாகப் போயிருந்தாராம், கையில் துளசியோடு நின்றாராம், தூசி வந்ததாம், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாராம். எல்லாமே "நின்றாராம்", "வந்ததாம்" என்று அம்மா வாயால் கேட்டது.

படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கற்பனை வளமும் அவ்வளவாகக் கிடையாது, பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எப்போதும் பாஸ் மார்க்தான். அப்படியென்றால் முப்பது வருடத்துக்கு மேலாக என் கண்ணுக்குள் ஓடுகிற படம் யாருடையது? கடிதத்தைப் பார்த்த பிறகாவது அந்த வார்டும் பன்னிரண்டு மணியும் நினைவுக்கு வந்ததா என்றால், அதுவும் இல்லை. இன்றைக்கும் எனக்குத் தெரிவது துளசிதான்.

அதிலிருந்துதான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது, அதே 1986இல் நடந்த ஒரு விஷயம். ஜனவரி 28ஆம் தேதி அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது, நாமும் டிவியில் பார்த்தோம். மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைஸர் என்ற உளவியல் பேராசிரியர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தி காதில் விழுந்தபோது எங்கே இருந்தாய், யார் சொன்னது, என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருடம் கழித்து அதே கேள்விகளை 44 பேரிடம் மறுபடியும் கேட்டார்கள். கால்வாசிப் பேர் முக்கியமான எல்லா விவரத்தையும் தப்பாகச் சொன்னார்கள், அதிலும் பலர் அடித்துச் சத்தியம் செய்கிற நிச்சயத்தோடு சொன்னார்கள். அவர்கள் கையாலேயே எழுதிய பழைய தாளைக் காட்டியபோதும் அசல் நினைவு திரும்பி வரவில்லை. படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் தைரியமும் வந்தது.

ஆக, "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்று ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை வைத்து அது நடந்ததா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது. உங்கள் குழுவிலும் குரல் உயர்ந்தவர் சொல்வதுதான் கடைசியில் அச்சேறும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மறதி என்றால் என்னவென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? பீரோவில் வைத்த சாமான் காணாமல் போவது மாதிரி. அது அப்படி இல்லை. ஒருவகை மறதி, சாமானை உள்ளே வைக்கவே இல்லை, கவனம் வேறெங்கோ இருந்தது, கேஸை அணைத்தோமா என்று லிஃப்டில் நின்று யோசிக்கிறோமே அது. இன்னொரு வகை, சாமான் உள்ளேதான் இருக்கிறது, கை எட்டவில்லை. ஒருவர் பெயர் தொண்டைக்குழி வரைக்கும் வந்து நிற்கும், முதல் எழுத்துகூடத் தெரியும், மூன்று நாள் கழித்துச் சோறு வடிக்கும்போது தானாக வந்து விழும். மூன்றாவது வகைதான் எனக்கு வந்தது, ஒன்றோடொன்று கலந்துபோவது. நான் அம்மாவோடு எத்தனை சனிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போயிருப்பேன்! துளசி, ஈர இலை, அம்மாவின் வளையல், வாசல், எல்லாம் நூறு தடவை உண்மையாக நடந்தவை. மூளை அதையெல்லாம் ஒரு அச்சாக வார்த்து வைத்திருக்கிறது. அம்மா அன்று நடந்ததைச் சொல்லச் சொல்ல, அந்த அச்சுக்குள் கதை போய் உட்கார்ந்துகொண்டது, அச்சில் எப்போதும் நான் இருப்பேன் என்பதால் அன்றும் என்னைச் சேர்த்துக்கொண்டது. விஷயம் நிற்கும், யார் சொன்னது, எங்கே கேட்டது என்ற ஒட்டுச்சீட்டுதான் முதலில் உதிரும். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்பவர் 1932லேயே இதைச் சொல்லிவிட்டார், நினைவுகூர்வது என்பது பழையதை அப்படியே எடுத்து நீட்டுவது இல்லை, இருக்கிற துண்டுகளை வைத்து ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவது என்று.

சரி, நாற்பது வருடத்தில் எவ்வளவுதான் மிஞ்சும்? ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்று ஒருவர், 1885இல் புத்தகமாகப் போட்டார், சோதனைக்கு வேறு ஆள் யாரும் இல்லை, தன்னையே உட்காரவைத்து அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது, மறுநாள் மூன்றில் ஒரு பங்குதான் நின்றது. ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஆரம்பத்தில் மளமளவென்று கொட்டும், அப்புறம் மெல்லச் சொட்டும். அர்த்தமே இல்லாத அசைக்கே இப்படி. நம் விஷயம் வேறு, உயிரைப் பதற வைத்தது, அதோடு நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டும் இருந்தோம். சொல்வதுதான் அதைக் காப்பாற்றியது. சொன்னதுதான் அதை மாற்றியும் விட்டது. 2000ஆம் ஆண்டில் நேடர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எலிகளை வைத்துக் காட்டினார்கள்: உறுதியாகப் பதிந்துவிட்ட பய நினைவைக்கூட, வெளியே எடுக்கிற அந்த நேரத்தில் அது மறுபடி இளகுகிறது, திரும்பப் பதிய வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் மருந்து கொடுத்துத் தடுத்தால் பழைய பயம் போய்விடுகிறது. மனுஷ மூளையில் எது எவ்வளவு தூரம் இப்படி என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்கு ஒன்று விளங்கியது, தொட்டுத் தொட்டுப் பார்த்த களிமண் பொம்மையில் என் கைரேகையும் இருக்கும்.

இப்போது உங்கள் மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். "பயங்கர வெடிச்சத்தம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கேட்காதவனுக்கும் இனி கேட்கும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974இல் ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, சிலரிடம் கார்கள் "இடித்துக்கொண்டபோது" என்ன வேகம் என்று கேட்டார், சிலரிடம் "நொறுங்க மோதிக்கொண்டபோது" என்ன வேகம் என்று கேட்டார். சொல் ஒன்றுதான் மாறியது. ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு முதல் கூட்டத்தில் 14 விழுக்காட்டினர் பார்த்தோம் என்றார்கள், இரண்டாவது கூட்டத்தில் 32 விழுக்காட்டினர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. இன்னொன்று, 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடி வீட்டில் போய் மோதியது. மோதிய கணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. ஆனால் டிவியில் அந்தக் காட்சியைப் பார்த்தீர்களா என்று பிற்பாடு கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் ஆமாம் பார்த்தோம் என்றார்கள். இதெல்லாம் முட்டாள்கள் செய்கிற காரியம் இல்லை, நீங்களும் நானும் செய்வதுதான்.

நம் கட்டடம் வெடித்து விழவில்லை என்பது உங்களுக்கே தெரியும். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வரைபடம் போட்டிருந்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. ஆறு மாடியும் ஒரு நிமிஷத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்துபோனார்கள், 17 பேரை உயிரோடு வெளியே எடுத்தார்கள். சத்தம் எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்லட்டுமே. இடி மாதிரி என்பார் ஒருவர், லோரியில் கல் கொட்டிய மாதிரி என்பார் இன்னொருவர், சத்தமே கேட்கவில்லை என்பவரும் இருப்பார். கேள்வியை இப்படி வையுங்கள்: "அன்றைக்கு உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள்." அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டிருங்கள். இது கஷ்டம், அதிலும் நம் ஆட்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்! சாப்பாட்டுக்கு வேண்டுமானால் கூடுங்கள், நான் பாயசம் வைத்துக் கொண்டுவருகிறேன். ஆனால் எழுதி வாங்குவதற்கு முன்பு கூடிப் பேசாதீர்கள். பேசினால் என்ன ஆகும் என்றுகூடப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஒரே நிகழ்ச்சியை இரண்டு கோணத்தில் எடுத்து ஆளுக்கு ஒன்றைக் காட்டினார்கள், இருவரும் ஒன்றையே பார்த்ததாக நினைத்துப் பேசிக்கொண்டார்கள். பிறகு தனியாகக் கேட்டபோது 71 விழுக்காட்டினர் தாங்கள் பார்க்கவே முடியாத ஒன்றையும் பார்த்ததாகச் சேர்த்துச் சொன்னார்கள். அதுமட்டுமா, பத்துப் பேர் கூடி உட்கார்ந்து நினைவுபடுத்தினால், அதே பத்துப் பேர் தனித்தனியாகச் சொல்வதன் மொத்தத்தைவிடக் குறைவாகத்தான் வரும். ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் நூலை அறுத்துவிடுகிறது. நம் தேசிய ஆவணக் காப்பகத்தார் 1979லிருந்து வாய்மொழி வரலாறு பதிகிறார்கள், ஒவ்வொருவராக உட்காரவைத்துத்தான் பதிகிறார்கள். வார்டில் நாங்கள் ஷிஃப்ட் மாற்றும்போது மருந்து விவரத்தை "எனக்கு ஞாபகம் இருக்கு" என்று யாராவது சொன்னால் மூத்த தாதி ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வையை உங்கள் குழுவுக்குக் கடன் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேன்.

முரண்பாடுகளைக் களையப் போகிறோம் என்கிறீர்களே, டெய்லர் மாமாவின் அந்தச் சிவப்பு வரியையே எடுத்துக்கொள்வோம். எம்ஆர்டி ஓடவில்லை, உண்மை. ஆனால் அப்போது ஊரெல்லாம் எம்ஆர்டிக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் இருந்த வெளிநாட்டுச் சுரங்கப் பொறியாளர்கள், பிரிட்டன், அயர்லாந்து, ஜப்பான்காரர்கள், தாங்களாகவே வந்து இடிபாட்டுக்கு அடியில் குடைந்து ஆட்களை மீட்க உதவினார்கள். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள்தான் அவர்கள்! மாமா எழுதியது என்ன? "எம்ஆர்டியை நிறுத்திவிட்டு அந்த ஆட்கள் ஓடி வந்தார்கள்." ரயில் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை, நீங்களாகப் படித்துக்கொண்டது. அப்படியே அவர் மனசில் ரயில்தான் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், பின்னால் வந்த ரயில் முன்னால் நடந்த காரியத்தின் மேல் ஏறி நின்றிருக்கிறது, அவ்வளவுதானே. நம் மலரில் வேறு யாரும் அந்தச் சுரங்கக்காரர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? நினைவு சரியில்லாத மனுஷர்தான் எழுதியிருக்கிறார்.

அவருக்கு மறதி நோய் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் 60 வயது தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக 2015இல் வெளியான ஆய்வு சொன்னது, ஆகவே அது சும்மா வாய்க்கு வந்தபடி வீசுகிற சொல் இல்லை. காலையில் என்ன பசியாறினோம் என்பது மறந்துவிடுகிறது, 1986 மட்டும் தெளிவாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்றார் மாமா. நான் அவருக்கு ஹென்றி மொலைசன் கதையைச் சொன்னேன். அமெரிக்கர், வலிப்புக்காக 1953இல் மூளையில் இரண்டு பக்கமும் உட்பகுதியை, ஹிப்போகாம்பஸ் என்கிறார்களே அதில் பெரும்பகுதியையும் சேர்த்து, வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக நடந்தது அநேகமாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை, தினமும் வரும் டாக்டரையே ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பார். ஆனால் சின்ன வயசு நினைவுகள் இருந்தன. புதியதைப் பதிய வைக்கிற இடம் ஒன்று, பழையது தங்குகிற இடங்கள் வேறு. வயதானால் அந்தப் பதிகிற இடம் கொஞ்சம் தளரும், அதுவே நோய் ஆகிவிடாது. "அப்ப என் பழசு பத்திரமா இருக்கு?" என்றார். இருக்கு மாமா, கொஞ்சம் தையல் பிரிந்து வேறு துணியோடு சேர்ந்திருக்கும், அது எல்லாருக்கும்தான் என்றேன். அந்த உவமை அவருக்குப் பிடித்திருந்தது, மனுஷர் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன். தேக்காவில் துணியில் கோடு போடுகிற தையல் சாக்பீஸும் ஒரு பழைய இஞ்சு டேப்பும் வாங்கி வைத்திருக்கிறேன், கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். போனில் பதிவு போட்டுவிட்டு நான் சும்மா இருப்பேன். குழுவிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் வாருங்கள், கேள்வித்தாளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்தச் சிவப்புத் தாளுக்கு ஒரு மன்னிப்பும் கேட்டுவிட்டால் நல்லது, எழுத்தில் வேண்டாம், நேரில்.

என் பங்குக்கு இரண்டு பக்கம் அனுப்புகிறேன். முதல் பக்கம் மார்ச் 20ஆம் தேதி ஏரோகிராம், ஒரு எழுத்துகூட மாற்றாமல் போடுங்கள், கீழே என் பெயர். இரண்டாவது பக்கம் துளசி. அம்மா கடைசி மூன்று வருடம் என்னையே அடையாளம் தெரியாமல் இருந்துவிட்டுப் போனார், நியூ வேர்ல்டு ஹோட்டல் என்றால் என்ன ஹோட்டல் என்பார். அந்தப் பக்கத்துக்குக் கீழே அம்மா பெயரைப் போடுங்கள்.

அன்புடன்,
ஓவன் ரோட்டு மூன்றாம் வீட்டுச் சின்னப் பெண்